பதில் சொல்ல வேண்டியவள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். கற்றுக்கொள்கிறவர் சுவரில் மோதப் போனால், என் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை அழுத்தி, நாலு வார்த்தை திட்டிவிட்டு, மறுபடி வண்டியைக் கிளப்பச் சொல்வேன்.

பதினாறு வயது மகள் தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாள் என்று தெரிந்தபோது எதை அழுத்துவது என்று தெரியவில்லை. திட்டினேன், அழுதேன், பிறகு போனை எடுத்தேன். கூப்பிட்ட மறுவாழ்வு மையத்திலெல்லாம் ஒரே பாட்டு: பதினெட்டு வயதுக்கு மேல்தான் சேர்ப்பார்களாம். "அப்போ ரெண்டு வருஷம் இப்படியே முழுங்கச் சொல்லட்டுமா?" என்று ஒருவரிடம் கேட்டே விட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். கடைசியில் எங்கள் குழந்தைகள் நல டாக்டர்தான் வயிற்றில் பால் வார்த்தார். பிள்ளைகளுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, பகலில் போய்விட்டு மாலையில் வீடு திரும்பலாம், மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் மெல்லக் குறைப்பார்கள் என்றார்.

மகள் நிபந்தனையோடுதான் காரில் ஏறினாள். "ஒரு தடவை வரேன். பிடிக்கலைன்னா அப்புறம் கூப்பிடவே கூடாது."

மையத்து ஆலோசகருக்கு என்னைவிட வயது குறைவு. மகளைப் பார்த்து, "எப்பம்மா ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"பரீட்சை நேரத்துல," என்றேன் நான்.

"தூக்கம் எப்படி?"

"விடிய விடிய முழிச்சிருப்பா."

"சாப்பாடு?"

"கொறிப்பா, அவ்வளவுதான்."

மகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலோசகர் என் காலைப் பார்த்தார். "அக்கா, ஏன் தரையை இப்படி அழுத்துறீங்க?"

குனிந்து பார்த்தேன். செருப்பு முனை விரிப்பைக் கசக்கி வைத்திருந்தது.

"பிரேக் போடுறாங்க," என்றாள் மகள். "நான் வாயைத் திறந்தாலே போடுவாங்க."

ஆலோசகர் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார்.

பெற்றவளை வெளியே தள்ளிவிட்டு என்ன வைத்தியம் என்று பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடப் பயம். போகலாம் என்று சொல்லிக்கொண்டு மகள் வெளியே வந்துவிட்டால் வேறு இடமே கிடையாது. பக்கத்து நாற்காலியில் ஒரு அப்பா, மடியில் தன் மகளின் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தார்.

"முதல் தடவையா? நாங்க ரெண்டாவது," என்றார்.

"ஏன், குணமாகலையா?"

"ஆச்சு. திரும்ப வழுக்கிடுச்சு. கூட்டிட்டு வந்துட்டேன். இங்க யாரும் முகத்தைச் சுளிக்கலைங்க."

வண்டியை சர்வீசுக்கு விட வந்தவர் போல அவர் சொன்னது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா.

கதவு திறந்தது. "அம்மா, உள்ள வா. நடுவுல பேசக் கூடாது," என்றாள் மகள்.

உட்கார்ந்தேன். பைக்குள்ளிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். வீட்டை அலசியும் எனக்குச் சிக்காத அட்டை.

"காலையிலயும் போட்டேன். உன்கிட்ட சொல்லப் பயம். தனியா என்னால நிறுத்த முடியலைம்மா." மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கும் வரச் சொன்னாங்க. வரேன்னு சொல்லிட்டேன்."

போன உயிர் திரும்பி வந்தது. தொண்டைக்குள் ஆயிரம் கேள்வி முட்டிக்கொண்டு நின்றது. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, திட்ட மாட்டியா?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் என் தோளில் சாய்ந்து மீதியையும் சொல்ல ஆரம்பித்தாள்.