வெள்ளைக் கற்களும் அடங்காத புகையும்

அன்று காலையும் கற்கள் அங்கேதான் இருந்தன.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், பெரிய சப்போட்டா மரத்தடியில், தேங்காய்ப் பருமனில் மூன்று வெள்ளைக் கற்கள். அப்பால் வளைவில் இரண்டு. பழங்காலத்துத் தண்ணீர்க்குழியைச் சுற்றி வட்டமாகப் பதினொன்று. காட்டுக்குள் கிடக்கும் ஷ்கான்துன் பழங்கோயில் இடிபாடுகளுக்கு இருபத்திரண்டு வருஷமாகக் காவலராக இருக்கும் எர்மிலோ உய்காப்புக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. அவர் வைக்கவில்லை. பார்க்க வருகிறவர்களும் வைத்திருக்க முடியாது. வாரத்துக்கு ஐந்து பேர் வந்தாலே அதிகம், அந்த ஐந்து பேரும் கொசுக்கடியில் எப்போது வெளியே ஓடலாம் என்று இருப்பவர்கள். அப்புறம் யார்?

அலுஷ்கள்தான். முழங்கால் உயரம் இருந்துகொண்டு ஊரையே ஆட்டிவைக்கிற அந்தச் சின்ன மனிதர்கள்தான் இந்த இடிபாடுகளுக்கு உண்மையான சொந்தக்காரர்கள். எர்மிலோ சம்பளத்துக்கு இருப்பவர், அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு முன் முதல் கல்லைப் பார்த்ததுமே அவர் முறை தவறாமல் மக்காச்சோள மாவில் தேன் விட்டுக் கரைத்து, சுரைக்குடுவையில் ஊற்றி, கும்பிட்டு வைத்துவிட்டுத்தான் வந்தார். மறுநாள் குடுவை காலி. ஆனால் கற்கள் குறையவில்லை, கூடின. கஞ்சி பிடித்துப்போய்விட்டதோ என்னவோ.

இனிப் பொறுப்பதில்லை என்று அன்று முடிவு கட்டினார். தள்ளுவண்டியோடு பாதையின் கடைசிவரை போய், திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக அள்ளிப் போட்டார். வேலை லேசாகத்தான் இருந்தது. ஒரு கல்லை எடுத்தால் அடுத்தது பளிச்சென்று கண்ணில் பட்டது. நுழைவாசலுக்கு வெளியே, அவர் குடியிருக்கும் குடிசைக்குப் பின்னால் அத்தனையையும் கொட்டினார். சத்தம் கேட்டு மனைவி ஃபிதேலியா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"ஐயையோ, அதை எதுக்கு அள்ளிட்டு வந்தே?"

"திங்கக்கிழமை மேலதிகாரி வர்றாரு. இங்க ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாதுன்னு பலகையிலயே எழுதியிருக்கு. இதப் பாத்தா, என்ன உய்காப், கல்லறைத் தோட்டம் போட்டிருக்கியான்னு கேப்பாரு."

"இருந்த இடத்துலயே கெடக்கட்டும், எர்மிலோ. உன்னைக் கடிக்குதா அது?"

"அலுஷ்ங்க என் தலைமேல ஏறி ஆடும், நான் கை கட்டி நிக்கணுமா?"

"அவங்க வச்சதுன்னா அதை எடுக்க நீ யாரு?"

எர்மிலோவுக்கு வழக்கமாக வருகிற கோபம் வந்தது. ஃபிதேலியா பேச்சை மாற்றினாள்.

"சுண்ணாம்பு தீந்துபோச்சு. கடைப்பக்கம் போனா ரெண்டு கிலோ வாங்கிட்டு வா" என்றாள்.

"போன வாரந்தானே வாங்கினேன்? மக்காச்சோளம் வேகவைக்க ஒரு கைப்பிடி போதும். மீதியை உக்காந்து தின்னுறியா?"

முப்பது வருஷக் குடித்தனத்தில் ஃபிதேலியா ஒரு குத்தலுக்குப் பதில் குத்தல் சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மேலதிகாரி வருவது கற்களைப் பார்க்க அல்ல. ஐம்பத்தைந்து வயது தாண்டிய காவலர்கள் எல்லாரும் ஜூன் முடிவதற்குள் கண்ணும் காதும் நன்றாக இருப்பதாக மருத்துவரிடம் காகிதம் வாங்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடப்படும் என்று கடிதம் வந்திருந்தது. கடிதத்தை ஃபிதேலியாதான் படித்துச் சொன்னாள். புகையில் எழுத்தெல்லாம் அவருக்குக் கலங்கிப்போயிருந்தது. புகை அடங்கட்டும், போகிறேன் என்றார். இந்த வேலை போனால் குடிசையும் போகும். அது கூடப் பெரிதில்லை. மழைக்குப் பிறகு எந்தச் சுவரில் எந்த வேர் நுழைகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். புது ஆள் வந்து ஒரு வருஷத்தில் எல்லாவற்றையும் காட்டுக்குக் கொடுத்துவிடுவான்.

ஆனால் இந்தப் பாழாய்ப்போன புகை அடங்கினால்தானே? வருஷா வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் விதைப்புக்கு முன் எல்லாரும் கொல்லையைக் கொளுத்துவார்கள். எல்லார் கண்ணும் எரியும், வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும், முதல் மழையில் எல்லாம் சரியாகிவிடும். இந்த வருஷம் மழை வந்து ஒரு மாதம் ஆகியும் புகை போகவில்லை. மரம், சுவர், மனிதர்கள் என்று எல்லாமே அதற்குள் மங்கித் தெரிந்தன. "இப்பல்லாம் எவன் நேரங்காலம் பாத்துக் கொளுத்துறான்?" என்று அவர் கடைத்தெருவில் சொல்லும்போது யாரும் மறுத்துப் பேசுவதில்லை. எல்லாரும் தன் கட்சி என்று நினைத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். தெகாஷ் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிற சோய்லா. அவளுக்கும் சேர்த்துப் பேசாமல் இருக்கிற கணவன் அர்செனியோ.

"கடல் தாண்டி வந்து படம் எடுத்துட்டுப் போறானுங்க. பக்கத்து ஊர்ல இருந்துக்கிட்டு நான் அந்த முகத்தைப் பாக்கலைன்னா அசிங்கம் இல்லையா, தோன் எர்மிலோ?" என்றாள் சோய்லா, ஊர் வழக்கப்படி மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் தோன் போட்டு. மழைக்கடவுளின் முகம் செதுக்கிய சுவரைத்தான் சொன்னாள்.

"வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். பத்து நிமிஷ நடை."

முன்னால் நடந்தார். சப்போட்டா மரம் வந்ததும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அது அவர் காலுக்கே தெரிந்த வழி. ஆனால் சப்போட்டா மரம் வரவில்லை. மரங்கள் வந்தன, எல்லாம் ஒன்றுபோலவே சாம்பலாக இருந்தன. இதுதான் என்று ஒன்றை முடிவு செய்து திரும்பினார். கொஞ்ச தூரத்தில் உடைந்த தூண் ஒன்று வந்தது. மறுபடி நடந்தார். மறுபடி ஒரு தூண்.

"இந்தத் தூணை இப்பத்தானே பாத்தோம்?"

"அது வேற தூண், தோனியா சோய்லா."

"வேற தூணா? அதுல என் புருஷன் வச்ச ஆரஞ்சுத்தோலும் நடந்து வந்துடுச்சா?"

எர்மிலோவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஆனதில்லை. வேகமாக நடந்தார், சுற்றினார், காலில் கொடி இடறியது. மூன்றாவது தடவையும் அதே தூண், அதே ஆரஞ்சுத்தோல். சோய்லா தூணடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் எர்மிலோ. குரல் அடங்கிவிட்டது. "காலையில அவங்க கல்லை எல்லாம் அள்ளிட்டேன். அதான் அலுஷ்ங்க வழியை மறைக்கிறாங்க. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கணும்."

"நானுமா?"

"நீங்க தோள்துணியைத் திருப்பிப் போட்டாப் போதும்."

சோய்லா போட்டுக்கொண்டாள். அர்செனியோ மறுபேச்சில்லாமல் சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியப் போட்டு, பொத்தானோடு மல்லுக்கட்டினான். எர்மிலோ தன் காவலர் சட்டையைத் திருப்பிப் போட்டார். அலுவலக முத்திரை நெஞ்சில் உரசியது. மனசு கொஞ்சம் தெளிந்தது. சட்டையைத் திருப்பிப் போட்ட பிறகு வழி கிடைக்காமல் போனவர்கள் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

நெஞ்சை நிமிர்த்தி அடியெடுத்து நடந்தார். ஒன்பதாவது அடியோ பத்தாவதோ, காலடி மண்ணுக்குள்ளிருந்து ஒரு தோ பறவை படபடவென்று எழுந்து முகத்தில் அறைவதுபோல் பறந்தது. அதே நேரம் அர்செனியோவின் கை அவர் சட்டைக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தது. காலடியில் பெயர்ந்த கல் ஒன்று கீழே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

தண்ணீர்க்குழி. தோ பறவை அதற்குள்தான் கூடு கட்டும். பதினொரு கற்கள் இருந்த இடம்.

"உங்களுக்கு என்ன கண்ணு தெரியலையா?" என்று சோய்லா கத்தினாள். "ஒரு மாடே உள்ள போயிடும், அவ்வளவு பெருசா வாயைத் தொறந்துகிட்டுக் கெடக்கு!"

"புகையில தெரியல" என்றார் எர்மிலோ.

"எந்தப் புகை?"

அவர் சிரிக்கப் பார்த்தார். "இதோ. இது எல்லாம்" என்று கையை வீசிக் காட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை. அர்செனியோதான் பேசினான், அன்றைக்கு முதன்முறையாக. "புகையே இல்லீங்களே, தோன் எர்மிலோ. ராத்திரி பெஞ்ச மழையில எல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருக்கு. அந்த மேட்டு மரத்துல இலையை எண்ணலாம்."

எர்மிலோ மேட்டைப் பார்த்தார். புகைதான் தெரிந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தார். ஈரமண் வாசனை, அழுகின இலை வாசனை, சோய்லாவின் தோள்துணியில் ரொட்டி வாசனை. புகை வாசனை இல்லை. கடைசியாக எப்போது இருந்தது என்று யோசித்தார், நினைவுக்கு வரவில்லை. கண் ஒன்று சொன்னது, மூக்கு ஒன்று சொன்னது. எதை நம்புவது? ஒரு மாதமாக ஊரில் யாருமே மறுத்துப் பேசாதது நினைவுக்கு வந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. குழியைக் கண்டு வந்த பயத்தைவிட இது பெரிய பயம்.

அதற்கப்புறம் அர்செனியோ அவர் தோளில் கை போட்டுக்கொண்டான். போகிற வழியிலேயே, தூணுக்கு இருபது தப்படி பின்னால், மழைக்கடவுளின் முகம் இருந்தது. அச்சு அசலாகத் தன் மாமியார் மூக்கு என்று சோய்லா சொன்னாள். அர்செனியோ தன் மூக்கைத் தடவிக்கொண்டான்.

வாசலில் ஃபிதேலியா நின்றிருந்தாள். மூன்று பேரின் திருப்பிப் போட்ட துணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அலுஷ்ங்க கொஞ்சம் விளையாடிடுச்சு" என்று சோய்லா முந்திக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரர்தான் பத்திரமா வழி கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு." பொய்யைச் சொல்லிவிட்டு, ஃபிதேலியாவின் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள்.

எர்மிலோ குடிசைக்குப் பின்னால் போய்க் கற்குவியலின் பக்கத்தில் குந்தினார். ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துத் தடவினார். விரலில் வெள்ளை ஒட்டியது. தேய்த்தார், உள்ளே கல் சாதாரண அழுக்குக் கல்லாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். அவர் வீட்டு அடுப்படிச் சுண்ணாம்பு வாசனை.

ஃபிதேலியா வந்து நிற்பது தெரிந்தது. அவள் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சொரசொரவென்று இருந்தது.

"எப்பலேருந்து?"

"குழி ஓரத்துல நின்னுக்கிட்டு மூத்திரம் போனியே, அன்னையிலேருந்து. ஒரு சாண்தான் இருந்துச்சு. கூப்பிட்டா எங்க திரும்பி விழுந்துடுவியோன்னு கூப்பிடக்கூட இல்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. புகை இல்ல எர்மிலோன்னு சொன்னேன். ரெண்டு நாள் நீ சாப்பிடல. அப்புறம் சொல்லுறதை விட்டுட்டேன்."

அவருக்கு அழுகை முட்டியது. அதை மறைக்கச் சண்டைக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். "அப்போ நான் கரைச்சு வச்சுக் கும்பிட்டது?"

"கும்பிட்டு முடிச்சா யாராவது குடிக்கணும்ல? குடிச்சேன். தேன் கொஞ்சம் கம்மி."

எர்மிலோ எழுந்தார். கற்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவண்டியில் ஏற்றினார். அவள் குனிந்தபோது வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டார்.

"வா. எது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நீ இடத்தைக் காட்டு, நான் வைக்கிறேன். முதல்ல குழி."

"சட்டையைச் சரியாப் போடு."

"இருக்கட்டும். மேரிதா ஆஸ்பத்திரிக்குப் போற பஸ் காலையில எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைக்கு." கொஞ்சம் பொறுத்து, "காகிதத்துல டாக்டர் என்ன எழுதுவாரோ" என்றாள்.

"இருக்கிறதை எழுதட்டும்."

ஃபிதேலியா முன்னால் நடந்தாள். அவள் வெள்ளை உடுப்பு அந்தப் புகைக்குள்ளும் அவருக்குத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு வண்டியைத் தள்ளினார். குழியோரத்தில் அவள் சொல்லச் சொல்ல, இன்னும் ஒரு அடி தள்ளு, இல்லை இங்கே, என்று பதினொன்றையும் வட்டமாக வைத்து முடித்தார். வைத்த கற்களில் பாதி வெளுப்பு உதிர்ந்துபோயிருந்தது.

"ஃபிதேலியா" என்றார். "சுண்ணாம்பு ரெண்டு கிலோ போதுமா?"