இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு

"நான் போறப்ப ரெண்டாம் பக்கத்து முதல் பாட்டைப் போடணும் லிண்ட்ஸி. சத்தமா."

"சும்மா இருங்கப்பா. சாப்பிடறப்ப பேசற பேச்சா இது?"

"கம்ப்யூட்டர்ல இருந்து இல்ல. என்னோட ரெக்கார்டு. தெரியுதா?"

"பார்க்கலாம். இன்னும் பட்டாணி வேணுமா?"

போன குளிர்காலத்துப் பேச்சு அது. பார்க்கலாம் என்றுதான் சொன்னாள், சரி என்று சொல்லவில்லை. இன்று அப்பாவின் இறுதிச் சடங்குக்காகத் தகனக்கூடத்தின் வாசலில் கோட்டின் மழைத்துளிகளைத் தட்டிவிட்டபடி, லிண்ட்ஸி அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பாவின் நண்பர் டெரெக் சின்ன சூட்கேஸ் போன்ற பெட்டியோடு வந்தார். கறுப்புக் கோட்டுக்குள்ளிருந்து ஃபெரி கிளார்க்ஸ் இசைக்குழுவின் வெளுத்த டீ-ஷர்ட் எட்டிப் பார்த்தது.

"இது என்ன அங்கிள்?"

"இங்க ரெக்கார்டு பிளேயர் இல்லைன்னு நீதானே சொன்ன? அதான் நானே தூக்கிட்டு வந்துட்டேன். பஸ்ல எல்லாரும் நான் வீட்டை விட்டு ஓடறேன்னு நினைச்சிருப்பாங்க." சிரித்தார். "ரெக்கார்டு என்கிட்டதான் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப உங்கப்பன் கொடுத்தான். உன்னைச் சங்கடப்படுத்த வேணாம்னு சொன்னான்."

வெள்ளை லில்லிப் பூக்களுடன் மாமியார் ரோஸ்மேரி காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். லிண்ட்ஸியின் குரல் தணிந்தது.

"நேரம் இருக்குமான்னு தெரியல அங்கிள். இங்க சடங்கு நடத்தறவங்க எல்லாத்தையும் முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க."

முடிவு செய்தவள் அவள்தான். அவள் தேர்ந்தெடுத்தது மென்மையான பியானோ இசை.

"சரி கண்ணு. நான் பின்னால உட்கார்ந்திருக்கேன். ஒருவேளை நேரம் கிடைச்சா சொல்லு."

இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவள் அப்பா க்ளைவ். ஃபெரி கிளார்க்ஸின் அந்த ஒரு ஆல்பம் அவருக்கு வாரக் கடைசியின் பூசை. குழந்தை லிண்ட்ஸி ஒருநாள் பிளேயரைத் தட்டிவிட்டதில் ரெக்கார்டில் கீறல் விழுந்து, அந்த இடத்தில் முள் ஒரு சொல்லைத் தாண்டிக் குதிக்கும். அவர் வேறு வாங்கவில்லை. குதிக்கிற இடத்தில் தானும் அந்தச் சொல்லை விட்டுவிட்டே பாடப் பழகினார். கச்சேரிகளில் ஆயிரம் பேர் முழு வரியைப் பாடும்போது அவர் ஒருவர் மட்டும் ஒரு சொல் முன்னால் போய் நிற்பார். வளர்ந்த லிண்ட்ஸி தள்ளி நின்று, யாரோ போல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் கல்யாணத்துக்கும் அந்த ரெக்கார்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். ரோஸ்மேரியின் விருந்தாளிகள் முன்னால் அவர் குதித்து ஆடுவதை நினைத்தே லிண்ட்ஸிக்குக் காது சுட்டது. அதைப் போட வேண்டாம் என்று பாட்டுப் போடுகிறவனிடம் முன்பே சொல்லிவைத்தாள். சற்று நேரத்தில் அப்பா பையோடு திரும்பி வந்தார்.

"பரவாயில்ல கண்ணு. அவங்ககிட்ட பிளேயர் இல்லையாம்."

அவர் அதைச் சொன்னபோது அவருக்குப் பின்னால் பாட்டுப் போடுகிறவனின் மேசைமேல் இரண்டு ரெக்கார்டுகள் சுழன்றுகொண்டிருந்தன.

"க்ளைவ் இசையை நேசித்தவர்" என்று தகனக்கூடத்தில் சடங்கு நடத்தியவர் ஒரே வரியில் முடித்தார். பியானோ தொடங்கியது. சவப்பெட்டியை மறைக்க இருபுறமிருந்தும் நீலத் திரை மெல்ல நகர்ந்தது.

"எவ்வளவு அடக்கமா இருக்கு" என்று ரோஸ்மேரி அவள் காதில் சொன்னார்.

லிண்ட்ஸி திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் டெரெக் மடியில் பெட்டியை வைத்து, தாழ்ப்பாளின் மேல் கட்டைவிரலை ஊன்றியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து நின்றாள். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

"திரையை நிறுத்துங்க. தயவுசெஞ்சு அந்தப் பியானோவையும்." கடைசி வரிசைப் பக்கம் திரும்பினாள். "டெரெக் அங்கிள், அப்பா ரெக்கார்டைப் போடுங்க. ரெண்டாம் பக்கம், முதல் பாட்டு. சத்தமா வைங்க. குதிக்கிற இடத்துல குதிக்கட்டும்."