கறுப்பு வேட்டியும் ரோபோவும்

கிள்ளானில் தன் வீட்டு ஹாலில் குணாளன் உருவாக்கிய ரோபோ, நான்காவது முறையாக அவன் காலிலேயே வந்து முட்டியது. தூரத்தை அளக்கும் கேமரா பொருத்திய அந்தக் குட்டி வண்டி சோபாவைக் கண்டால் விலகும். மனைவி மாதவியைக் கண்டால் நிற்கும். பூனைக்குக்கூட வழிவிடும். அவனிடம் மட்டும்தான் இந்த வம்பு. ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்ததால், நாக்கு நுனிவரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டான்.

லேப்டாப்பைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. திரையில் ஹால் முழுவதும் வண்ணமயமாகத் தெரிய, அவன் நின்ற இடத்தில் இடுப்புக்குக் கீழே வெறும் ஓட்டை. கேமரா வீசும் ஒளியை விரதத்துக்குக் கட்டிய கறுப்பு வேட்டி திருப்பி அனுப்பவே இல்லை. ஒளி திரும்பாத இடமெல்லாம் காலி இடம் என்று புரோகிராம் எழுதிய புத்திசாலியும் அவன்தான்.

"வேட்டிய மாத்தினா சரியாயிடும்லா," என்றாள் மாதவி.

"மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் மாத்த முடியாதுன்னு தெரியாதா?"

கடுப்பில், 'காலி' என்று இருந்ததைச் 'சுவர்' என்று மாற்றினான். ரோபோ இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கண்ணாடிக் கதவு, மாதவி துடைத்துப் பளபளக்க வைத்த தரை என்று ஒளி சரியாகத் திரும்பாத எல்லாமே இப்போது அதற்குச் சுவர்.

"இப்ப முட்டல தானே, சாமி," என்றாள் மாதவி.

குணாளன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "சாமி சரணம்."