சின்ன மாமாவின் தாராள மனசு

கோழிப் பண்ணைகளைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு கிருமியின் மரபணுத் தரவை, எந்த நாட்டு ஆய்வாளரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இணையப் பொதுக் காப்பகத்துக்கு அனுப்பும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஆய்வகத் தலைவர் அவள் கணவனின் சித்தப்பா. வேலையிடத்தில் 'சார்', வீட்டில் 'சின்ன மாமா'. மேடையேறினால் அறிவியல் உலகத்துக்கே சொந்தம் என்று முழங்குவார். இறங்கிவிட்டால் பேனாவைக்கூட இரவல் தரமாட்டார்.

தரவு காப்பகத்துக்குப் போனால்தான் அவருடைய ஆய்வுக் கட்டுரை வரும் என்று அறிவியல் இதழ்க்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. கோப்புகளை அனுப்பு, ஆனால் மாதிரி எந்த வட்டாரத்தில், என்றைக்கு எடுத்தது என்ற இடத்தில் 'தெரியாது' என்று போடு, இரண்டு வருஷம் யாரும் பார்க்காதபடி பூட்டியும் வை என்றார்.

"அது இல்லாம யாராலயும் இத வச்சு ஒண்ணும் பண்ண முடியாதே, சார்."

"அதுக்குத்தாம்மா சொல்றேன்."

யாருக்குத் தெரியாது? செத்த கோழிகள் குவிந்து கிடந்த கொட்டகைகளுக்குள் போய் மாதிரி எடுத்தவளே அவள்தான். இவர் அன்றைக்கெல்லாம் குளிர்சாதன அறையில் தொண்டைக்கட்டு என்று உட்கார்ந்திருந்தார்.

கோப்புகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, சுருக்கி, போகும் வழியில் சிதைந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்தாள். வட்டாரத்தையும் தேதியையும் உள்ளபடியே எழுதினாள். வெளியீடு: உடனே. ஒப்புதலுக்குக் காட்டியபோது அவர் திரையைப் பார்க்காமலே ஒரு பொத்தானைத் தட்டினார். படிப்பது சின்னவர்கள் வேலையாம். இணைப்பு நடுவில் அறுந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அனுப்பி முடித்தாள்.

சில வாரங்களில் வேறொரு நாட்டுக் கால்நடை ஆய்வகம் அந்தத் தரவை வைத்துக் கிருமி பரவும் வழியைக் கண்டுபிடித்து நன்றி எழுதியது. சின்ன மாமா சிவந்த முகத்தோடு அவள் மேஜைக்கு வந்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

அவள் வாய் திறப்பதற்குள் நிறுவன இயக்குநர் நாலு பேரோடு வாழ்த்த வந்துவிட்டார். சின்ன மாமா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. பூட்டி வைக்க மனசு வரவில்லை, எல்லாம் தன் முடிவுதான் என்று இளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கூடிச் சாப்பிடும்போதும் அதே கதை, இன்னும் கொஞ்சம் உப்பிப்போய். பெரிய மனசு என்றால் என்னவென்று அவளுக்குப் பாடம் வேறு.

"ரெண்டாவது தரவுத் தொகுப்பும் தயாரா இருக்கு, மாமா. எல்லா விவரத்தோடயும் இப்பவே அனுப்பிடட்டுமா?" என்றாள்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவருக்குப் புரையேறியது. சின்ன மாமி தண்ணீர் கொடுத்தாள்.

"அனுப்பு," என்றார்.

அவள் கைகழுவிக்கொண்டு கணினியைத் திறந்தாள்.