பட்டாணியைவிடச் சிறிய கல்

மனைவியின் போனை அணைக்கத்தான் எடுத்தார். அதற்குள் அது கையிலேயே அடித்தது.

"அண்ணே, நான்தான்." ஆய்வுக்கூடத்தில் மனைவியோடு பதினைந்து வருடம் வேலை பார்த்த தோழி. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. "கல்லு இன்னும் மெஷினுக்குள்ளதான் இருக்கு. அக்கா நேத்து ஏத்தி வச்ச அழுத்தம் இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் நிக்கும். அளக்கணும்னா நான் இங்கயே இருக்கணும். நிறுத்திட்டு வரட்டுமா? அக்கா முகத்த ஒரு தடவ பாக்கணும்ணே."

மனைவி கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தாள். நேற்று மதியம் அந்த இயந்திரத்தின் முன்னால்தான் மயங்கி விழுந்தாள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூமிக்குள் அறுநூறு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் கல்லைப் பட்டாணியைவிடச் சிறியதாகச் செய்து, அங்குள்ள அழுத்தத்தையும் சூட்டையும் கொடுத்து, அதற்குள் சத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளப்பது அவள் வேலை. மூன்று கற்கள் நொறுங்கிவிட்டன. இதுதான் கடைசி. அந்த இயந்திரத்தை 'உன் மூத்த புருஷன்' என்று சொல்லிச் சீண்டுவார், பஸ் ஓட்டும் இந்த இளைய புருஷன். இன்று அதன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"முடிச்சிடுங்கம்மா," என்றார். "பாதியில விட்டா என்னைச் சும்மா விடுவாளா?"

அடக்கம் முடிந்து உறவினர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் தோழி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "போச்சுண்ணே. நொடிக்குப் பத்து கிலோமீட்டர் வரணும். அஞ்சுதான் வருது. உள்ள விரிசல் விட்டிருக்கு. எட்டு மாச உழைப்பு."

நோட்டை வாங்கிப் பார்த்தார். மேலே மனைவியின் குண்டுக் கையெழுத்தில் கல்லின் நீளம். கீழே சத்தத்துக்கு ஆன நேரம், தோழி போட்ட வகுத்தல். இத்தனை வருடமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி சொன்னதில் அவருக்குப் புரிந்தது கொஞ்சம்தான்.

"சத்தம் அந்தக் கோடி வரைக்கும் போய், முட்டித் திரும்பி வர்ற நேரந்தானே இது?"

"ஆமா."

"போற தூரத்தை மட்டும் போட்டிருக்கீங்க. வர்ற தூரத்தை யாரு போடுவா?"

அவள் நோட்டைப் பிடுங்கினாள். இரண்டால் பெருக்கினாள். பத்து புள்ளி ஒன்று. கல் உடையவில்லை.

"மாடு மேய்க்கக்கூட லாயக்கில்ல நான்," என்று சிரித்தவள் அப்படியே அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை அவருக்கும் வந்தது.

"அக்கா முகம் எப்படி இருந்துச்சுண்ணே?"

"நெத்தியச் சுருக்கிக்கிட்டுதான் இருந்தா. ஏதோ கணக்குப் போடுற மாதிரி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சூட்டைக் குறைத்தாள். "இனிமே அழுத்தத்த இறக்கணும். பத்து மணி நேரம். அவசரப்பட்டா இப்பவும் உடையும்."

"நீங்க கொஞ்சம் கண்ண மூடுங்க. ஏதாவதுன்னா எழுப்புறேன்."

நாற்காலி மனைவியின் உயரத்துக்கு ஏற்றி வைத்தபடியே இருந்தது. அவர் அதைத் தாழ்த்தாமல் ஏறி உட்கார்ந்தார். திரையில் அழுத்தத்தின் எண் ஒன்று குறைந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று.