கற்களை மாற்றி வைத்தோம்

எங்கள் வீட்டில் இரண்டு ரைட்டர்கள் இருந்தார்கள். ஒருவர் என் மாமனார் அங்கப்பன், காப்பி எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஆட்களை மிரட்டியே தலை நரைத்தவர். இன்னொருவர் ஹாலில் இருந்த உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் குடியிருந்தார். விரல் நீளம்கூட இல்லாத நீல மீன். டாம்சல் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். ரைட்டர் என்று பெயர் வைத்தது நான். மாமனார் காதில் விழாமல்தான் கூப்பிடுவேன்.

மீன் பைத்தியம் என் வீட்டுக்காரர் சிவக்குமாருக்கு. ஏற்காட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறார், வீடு கிளியூரில். கடல் எங்கே, இந்த மலை எங்கே. உப்புப் பொடி வாங்கிக் கரைத்து, குளிருக்கு ஹீட்டர் போட்டு, கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் மாட்டி, கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வார்.

தொட்டிக்கு முதலில் வந்தது ரைட்டர்தான். அதனால் தொட்டி முழுக்கத் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டது. நடுவில் இருந்த பெரிய கல்லுக்கு அடியில் ஒரு பொந்து. அதன் வாசலை விட்டு நகராது. பிறகு இவர் சேலத்திலிருந்து ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கி, ஆக்சிஜன் அடைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையேறி வந்தார். விட்ட அன்றே ஒன்றின் வால் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. தீனி போட்டால்கூட இரண்டும் மூலையை விட்டு வரவில்லை.

அந்த மூலை எனக்குத் தெரிந்த மூலைதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் சமையலறையில் அப்படித்தான் நின்றேன். ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலி மாமனாருடையது, வேறு யாரும் உட்காரக் கூடாது. அவர் வைத்த டி.வி. சேனலை மாற்றக் கூடாது. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு பறக்கும். "டேய், உன்ற சேலத்துக்காரி ஆக்குன சோத்த நாய்கூட மோந்து பாக்காது" என்று என் எதிரிலேயே மகனிடம் சொல்வார். சேலத்துக்காரி, அதுதான் என் பெயர். மேனகா என்று அவர் கூப்பிட்டதே இல்லை. மாமியார் இருந்தவரை அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். அவர் போனபிறகு எல்லாம் என் பங்குக்கு வந்தது.

மீன்கடைப் பொன்னுவேல் போனில் வைத்தியம் சொன்னார். "சண்டைக்காரன மொதல்ல வெளிய எடுத்துருங்க. சின்னத் தொட்டி ஒண்ணுல கொஞ்ச நாளு தனியா வைங்க. அதுக்குள்ள கல்லையெல்லாம் எடம் மாத்தி அடுக்கிருங்க. புதுசு ரெண்டும் நல்லாப் பழகிக்கும். அப்பறம் அவன உள்ள உட்டீங்கன்னா, அவந்தான் புது ஆளு. ஆட்டம் அடங்கிரும்."

அப்படியே அடங்கியது. திரும்ப விட்டபோது ரைட்டர் தன் பொந்தைத் தேடித் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. பொந்து இருந்த இடத்தில் வெறும் மணல்தான் இருந்தது. கோமாளி மீன்கள் அதை விரட்டக்கூட இல்லை, சும்மா திரும்பிப் பார்த்தன. ரைட்டர் ஒதுங்கிப் போய் ஹீட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனுங்க, உங்கப்பாவையும் கொஞ்ச நாளு தனித்தொட்டில போட்டுட்டு, இங்க கல்ல மாத்தி வெச்சா நொம்ப நல்லா இருக்குமுங்க" என்றேன். அன்று காலை பறந்த தட்டின் ரசக்கறை என் சேலையில் அப்படியே இருந்தது. இவர் சிரிக்கவில்லை.

"நீ உங்கம்மா ஊட்டுக்குப் போயிருவியா மேனகா?" என்று கேட்டார். நான் துணிப்பை கட்டி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

"இன்னொரு தட்டு பறந்துச்சுன்னா நெசமாவே போயிருவனுங்க."

மறுநாளே இவர் ஆத்தூரில் இருக்கும் அக்கா கலாவுக்குப் போன் போட்டார். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், நெடி ஆகாது என்று சொல்லி மாமனாரை அங்கே அனுப்பினோம். "பெரிய அரமண, வெள்ளையடிக்கறானுக" என்று திட்டிக்கொண்டேதான் பஸ் ஏறினார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. வெள்ளையும் அடித்தோம். அவர் கட்டிலைப் பின் அறைக்குத் தள்ளினோம். பிரம்பு நாற்காலி பரணுக்குப் போனது. ஜன்னலோரத்தில் புது சோபா வந்தது. காலை மடக்கி அதில் உட்கார்ந்து, மலையில் பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தேன். அது மாமனார் பார்த்த பனிதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவர் திரும்பி வந்தார். பையோடு வாசலில் நின்று ஜன்னல் பக்கம் பார்த்தார். நாங்கள் பதில் தயாராக வைத்திருந்தோம்: ஜன்னலில் ஈரக்காற்று, சளி பிடிக்கும், பின் அறைதான் கதகதப்பு. அவர் கேட்கவே இல்லை. நடுவாசலில் உதறிவிட்டு வரும் செருப்பை அன்று ஓரமாகக் கழற்றி வைத்தார்.

"அம்மிணி, நா எங்க உக்காரட்டும்?"

என்னை அம்மிணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சமையலறை வாசலில் வந்து நின்று, நான் திரும்பும் வரை காத்திருப்பார். ஒருநாள் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். என் வாயில் வைத்தபிறகுதான் தெரிந்து ஓடினேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்திருந்தார்.

"உப்பு கரிச்சிருக்குமே மாமா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே?"

"நல்லாத்தான் இருந்துச்சு அம்மிணி."

அடுப்படியில் போய் நின்று அழுதேன். தட்டு பறந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன். எத்தனையோ தட்டுகளுக்கு அழாதவள் நான்.

அந்த வாரம் மீன் ரைட்டர் தீனியை விட்டது. இவர் பயந்துபோய்ப் பெரிய கல்லைப் பழைய இடத்துக்கே நகர்த்தி, பொந்தையும் அதேபோல அமைத்துக் கொடுத்தார். அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோமாளி மீன்கள்தான் அதில் குடியேறின. ஒருநாள் காலையில் வீடு கூட்டும்போது ரைட்டர் தொட்டிக்குப் பின்னால் தரையில் கிடந்தது. மூடியின் இடுக்கு வழியாகத் துள்ளி வெளியே வந்திருக்கிறது. நீலமெல்லாம் போய்க் கறுத்திருந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கடைக்குக் கிளம்பிய இவரை நிறுத்தி, பரணிலிருந்து நாற்காலியை இறக்கச் சொன்னேன். இருவருமாக சோபாவை நகர்த்தினோம். பிரம்பை ஈரத்துணியால் துடைத்து, ஜன்னலோரத்தில், தரையில் அதன் கால்களின் பழைய தடம் பதிந்திருந்த அதே இடத்தில் போட்டேன்.

மாமனார் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார். நாற்காலியைப் பார்த்து நின்றார்.

"யாராச்சும் வர்றாங்களா அம்மிணி?"

"இல்லீங்க மாமா. உங்க நாற்காலிங்க. உக்காருங்க."

அவர் நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கேலி செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார் போலிருந்தது. திட்டிவிடுங்கள் மாமா, ஒரே ஒரு வார்த்தை திட்டிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இருக்கட்டும். வர்றவங்க உக்காருவாங்க" என்று சொல்லிவிட்டு, ஈரக்கால் ஹால் நடுவில் படாமல் சுவரோரமாகவே நடந்து பின் அறைக்குப் போனார்.