வேனுக்குள் நடந்த நலம் விசாரிப்பு

"தனி ரூமு, ஏசி, சோபா ரெண்டு, டிவி. அட்வான்ஸும் கட்டிட்டேன். நம்ம ஆளுங்க வந்தா வராண்டாவுல நின்னுகிட்டு இருக்க வேணாம் பாருங்க" என்று ராஜாங்கம் சொன்னதும், டெய்சி குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேண்டீன் அது. டெய்சியும் பூவாயியும் விடியற்காலை பஸ்ஸில் விருத்தாசலத்திலிருந்து வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்கள். பூவாயியின் கொழுந்தன் ராஜாங்கம் முதல்நாளே வந்து எல்லா ஏற்பாடுகளையும் முடித்து, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு தயாராக நின்றார்.

பூவாயிக்குக் கருவேப்பிலங்குறிச்சி. சென்ற வருஷம் அவளுக்குக் குடலில் புற்றுநோய் கண்டது. அரசு மருத்துவமனையில் கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் குடலை இணைத்துத் தைத்தார்கள். தைத்த இடம் நன்றாக ஆறவேண்டும் என்பதற்காக, அதற்கு மேலேயே வயிற்றில் ஒரு துளை வைத்து அதில் ஒரு பை மாட்டிவிட்டார்கள். மலம் அந்தப் பையில்தான் இறங்கும். மருந்தேற்றும் சிகிச்சையெல்லாம் முடிந்து நோய் போய்விட்டது. பை மட்டும் போகவில்லை. அது வந்த பிறகு பூவாயி ஒரு பந்தியில் உட்கார்ந்ததில்லை. நாளைக் காலை அந்தத் துளையை மூடும் ஆபரேஷன். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஜெயராஜின் கம்பெனிக் காப்பீட்டில் அம்மாவும் சேர்ந்திருந்ததால் இந்த முறை இங்கே வந்திருந்தார்கள்.

டெய்சி விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை செய்பவள். சூளையில் வெந்து வரும் பீங்கான் பியூஸ் கட்டைகளுக்குப் பித்தளைத் தகடு பொருத்துவது அவள் வேலை. அவளுக்கும் சில வருஷங்களுக்கு முன்பு மார்பில் புற்றுநோய் வந்து குணமாகியிருந்தது. நோயைவிட, இன்சூரன்ஸ்காரர்கள் பணத்தைக் கழித்த விதம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. ஏன் கழித்தார்கள் என்று போன் போட்டுப் போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு வரியும் புரியப் புரிய அவளுக்கு அதில் ஒரு ருசியே வந்துவிட்டது. ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று நகர்கிறது, காரணம் இல்லாமல் எதுவும் நகர்வதில்லை! இதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்குப் பின்னாலிருக்கும் ஹாலில், நோயிலிருந்து மீண்டவர்களை உட்காரவைத்துச் சொல்லித்தர ஆரம்பித்தாள். சிலுவை போடுகிறவர்களும் வந்தார்கள், திருநீறு பூசுகிறவர்களும் வந்தார்கள். பூவாயி எப்போதும் கடைசி வரிசை. ஒரு கேள்வி கேட்டதில்லை. புரிகிறதா இல்லையா என்று டெய்சிக்குத் தெரிந்ததே இல்லை.

"அண்ணே, ரூமு வாடகை எவ்ளோ?" என்று கேட்டாள் டெய்சி.

"எட்டாயிரம். பாலிசியில நாலாயிரந்தான் லிமிட்டுன்னு எனக்குந் தெரியும்மா. மிச்ச நாலாயிரத்த நான் போட்டுக்கறேன். அஞ்சு நாளு, இருவதாயிரம். எங்க அண்ணிக்கு இதுகூடச் செய்யமாட்டனா?"

எல்லோரும் செய்கிற கணக்கு அது. பார்த்தால் நியாயமாகவே இருக்கும். அதுதான் அதிலிருக்கிற ஆபத்து.

"வாடகையில மட்டும் கழிக்கமாட்டாங்கண்ணே. பெரிய ரூமுல படுத்தா டாக்டர் பீஸு, தியேட்டர் சார்ஜு, நர்ஸ் சார்ஜு எல்லாமே பெரிய ரூமு ரேட்டுல போவும். இன்சூரன்ஸ்காரங்க என்னா சொல்றாங்க? உங்களுக்கு உரிமை இருக்கற ரூமு நாலாயிரம், நீங்க எடுத்தது எட்டாயிரம், பாதிக்குப் பாதி. அதனால அந்த சார்ஜு எல்லாத்துலயும் பாதிதான் நாங்க தருவோங்கறாங்க. மருந்து மாத்திரைய மட்டும் பெரும்பாலும் இதுல சேக்கமாட்டாங்க."

"அதெப்படி? ரூமுக்கும் டாக்டர் கத்திக்கும் என்னா சம்பந்தம்?"

டெய்சிக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பியூஸ் கம்பி இருக்குதுல்ல? அது தாங்கற அளவுக்கு மேல ஒரு ஹீட்டரப் போட்டா ஹீட்டர் மட்டுமா நிக்குது? வூடே இருட்டாவுதுல்ல?"

"பியூஸு போனா மொத்தமாப் போவும். இவங்க பாதி தராங்கன்றியே? உன் கணக்கு இடிக்குதே."

"சரி, அது வுடுங்க. லோ வோல்டேஜ்னு வச்சிக்குங்க. ஒரு பல்பு மட்டுமா மங்குது? ஃபேனு, மிக்ஸி, டிவி அத்தனையும் மங்குதுல்ல?"

ராஜாங்கம் மனதுக்குள் பெருக்கிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப மொத்தத்துல எவ்ளோ நிக்கும்?"

"ஒரு லட்சம் நம்ம கையிலேருந்து போவும்ணே. கூடவும் ஆவலாம்."

அதுவரை பேசாமல் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்த பூவாயி நிமிர்ந்தாள். "எழுந்திரு டெய்சி, ஊருக்குப் போவலாம். எம்புள்ள போன தடவ வெளி மருந்துக்கு வாங்குன கடனையே இன்னும் கட்டிகிட்டு இருக்கறான். இன்னொரு லட்சத்த அவன் தலையில ஏத்தி எனக்கு இந்த ஆபரேஷன் வேணாம். பையோட இருந்துட்டுப் போறேன்."

"அண்ணி, சும்மா இருங்க!" என்றார் ராஜாங்கம். "நான் எதுக்கு இந்த ரூமு எடுத்தேன்? மொத தடவ யாருக்கும் சொல்லாம மூடி மறச்சோம். வயித்துல கட்டி, சின்ன ஆபரேஷன்னு முடிச்சிட்டோம். அப்புறமேட்டு விஷயம் தெரிஞ்சி ஸ்ரீமுஷ்ணத்து அத்த கல்யாண மண்டபத்துல வச்சி, நாங்கல்லாம் என்னா அசலூரான்னு கேட்டுச்சு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம்போல இருந்துச்சு. அதான் இந்த வாட்டி நானே எல்லாருக்கும் போன் போட்டேன். வேன் புடிச்சி வராங்க. இந்நேரம் சேத்தியாத்தோப்பத் தாண்டியிருப்பாங்க. ஷேரிங் ரூமுல ஒரு ஆளுக்கு மேல வுடமாட்டாங்களாம். வந்தவங்கள எங்க ஒக்கார வைக்கறது?"

டெய்சிக்கு இப்போதுதான் புரிந்தது. அவர் எடுத்தது பவுசுக்கு அல்ல. சொந்தபந்தம் வந்து உட்கார்ந்து பார்க்க இடம் வேண்டும் என்று எடுத்திருக்கிறார். பாலிசியில் எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு வரி இது. ஆனால் அறையை மாற்ற வழி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

மூவரும் இன்சூரன்ஸ் பிரிவுக்குப் போனார்கள். அங்கிருந்த நான்சி என்ற பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "இன்சூரன்ஸ்ல ஒப்புதல் கேக்கற ரிக்வெஸ்ட் இன்னும் அனுப்பல மேடம். அட்மிஷன் போட்டதும் எந்த ரூமுன்னு சேத்துதான் அனுப்புவோம். உங்க லிமிட்டுக்குள்ள ரெண்டு பெட்டு ரூமு இருக்குது, ஆனா இப்ப காலி இல்ல. சாயந்திரம் ஒருத்தர் டிஸ்சார்ஜ் ஆவறாங்க. அதுவரைக்கும் வேணும்னா தனி ரூமுல இருங்க."

"வேணாம்மா" என்று டெய்சி அவசரமாகத் தடுத்தாள். "தனி ரூமுல அட்மிஷன் போட்டு ரிக்வெஸ்ட் போயிட்டா அப்புறம் மாத்தறது பெரும்பாடு. அந்த பெட்டு காலியானதுமே போடுங்க. அட்வான்ஸ அதுக்கே திருப்பிக்கலாமா?"

"திருப்பிக்கலாம். ஆனா அதுவரைக்கும் பேஷண்டு எங்க இருப்பாங்க?"

"ஆமா, எங்க இருப்பாங்க?" என்றார் ராஜாங்கம். "வேன்ல வரவங்க அண்ணிய நடுத்தெருவுல நிக்க வச்சா பாப்பாங்க?"

"வேன்லயே பாத்துட்டுப் போறாங்க" என்றாள் பூவாயி. "ஏன் தம்பி, அதுல சீட்டு இல்லையா?"

வேன் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு புங்க மரத்தடியில் அதை ஒதுக்கச் சொன்னார்கள். ஆப்பிள் பைகளும் ஹார்லிக்ஸ் பாட்டில்களுமாக இறங்கப் போனவர்களைப் பூவாயியே தடுத்து உள்ளே உட்காரச் சொன்னாள். தானும் ஏறி நடுச் சீட்டில் உட்கார்ந்தாள். டெய்சி படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னாடி இது, ஆஸ்பத்திரிக்கு வந்து வேனுக்குள்ள ஒக்காந்திருக்கறது?" என்று கேட்டாள் ஸ்ரீமுஷ்ணத்து அத்தை. "ராஜாங்கம் ஏசி ரூமுன்னு சொன்னானே?"

"ரூமு இன்னும் ரெடியாவல அத்த…" என்று ராஜாங்கம் இழுத்தார்.

"ரூமு ரெடியாத்தான் இருக்குது. நாந்தான் வேணாம்னுட்டேன்" என்றாள் பூவாயி.

வேனுக்குள் முகங்கள் மாறின. டெய்சிக்கு நாக்கு துடித்தது. பியூஸ் கம்பியை விட்டுவிட்டு நேரே லோ வோல்டேஜில் ஆரம்பித்தால் சுருக்கமாக முடித்துவிடலாம். வாயைத் திறந்தாள். அதற்குள் பூவாயி பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அத்த, நீங்க நெல்லு போடறீங்க. வியாபாரி வந்து ஒரு மூட்டையில கைய வுட்டுப் பாக்கறான். ஈரம் கூடன்றான். அந்த ஒரு மூட்டைக்கு மட்டுமா காசு கழிக்கறான்?"

"அவன் எங்க ஒரு மூட்டையோட வுடறான்? மொத்த லோடுக்குல்ல கழிக்கறான், கட்டையில போறவன்!"

"அதேதான். ரூமுன்றது அவன் கையவுட்டுப் பாக்கற மூட்ட. அதுல கூடப்போச்சுன்னா டாக்டரு, தியேட்டரு, நர்ஸம்மா எல்லா மூட்டைக்கும் சேத்துக் கழிச்சிருவான். கழிச்சத எம்புள்ள கட்டணும். ஏசியில படுத்து ஒங்கள ஒக்கார வைக்கறதுக்கு அவன் ஒரு லட்சம் அழுவணுமா, சொல்லுங்க."

"அடப்பாவிங்களா, இங்கயும் ஈரப்பதமா?" என்று பின் சீட்டிலிருந்து ஒருவர் கேட்க, வேனே சிரித்தது.

டெய்சி திறந்த வாயை மூடிக்கொண்டாள். வருஷக்கணக்காக அவள் தேடிக்கொண்டிருந்த உதாரணம் அது. பியூஸும் வேண்டாம், வோல்டேஜும் வேண்டாம். கடைசி வரிசையில் கேள்வியே கேட்காமல் உட்கார்ந்திருந்தவள், பாலிசி விதியை வாங்கித் தன் களத்தில் கொட்டிக் காயவைத்து, தன் மூட்டையில் கட்டி எடுத்து வந்திருக்கிறாள். மருந்து மாத்திரைக்கு அந்தக் கழிவு இல்லை என்பதைப் பூவாயி சொல்லாமல் விட்டது மட்டும் டெய்சியை லேசாக அரித்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள். அப்படி விடுவது டெய்சிக்குச் சாதாரணக் காரியமில்லை.

"இன்னொண்ணு" என்றாள் பூவாயி. சிரிப்பு அடங்கியது. "மொத தடவ எனக்கு வந்தது வெறுங்கட்டி இல்ல. கேன்சரு. ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குந் தெரியும். எவ்வாயால சொல்லல, அதான் சொல்றேன். வைத்தியம் பாத்து நல்லாயிடுச்சு. இன்சூரன்ஸு பேப்பர்லயும் மறைக்காம எழுதியிருக்குது. கம்பெனி பாலிசின்றதால பழைய நோவுக்கும் சேத்தே தராங்க."

அத்தை ஆண்களைப் பார்த்துக் கையை வீசினாள். "ஏய், எல்லாம் எறங்கிப் போயி டீ குடிச்சிட்டு வாங்க."

ஆண்கள் இறங்கினார்கள். பெண்கள் வேனின் திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். "எங்க, அந்தப் பையக் காட்டு பாப்போம்" என்றாள் அத்தை. பூவாயி காட்டினாள். அத்தை கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, விதைநெல்லைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தாள்.

"இவ்ளோதானா? இதுக்காடி எம் பேத்தி காதுகுத்துக்கு வராம இருந்த? நான் என்னமோ ஏதோன்னு நெனச்சி…" என்றவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூவாயியின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பூவாயி சிரித்தாள். பக்கத்திலிருந்தவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பூவாயியே பதில் சொன்னாள்.

மதியச் சாப்பாடும் வேனில்தான். யாரோ கட்டி வந்திருந்த புளிச்சோற்றை நாளைக்கு ஆபரேஷன் என்று பூவாயிக்கு மட்டும் தரவில்லை. அவளுக்குக் கஞ்சி. "பாக்க வேண்டியதப் பாத்துட்டோம். மேல ஏறி வந்து என்னா பண்ணப்போறோம்? தொளைய மூடிகிட்டு வூட்டுக்கு வா, ஒரு வாரம் அங்க வந்து ஒக்காந்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு அத்தை வேனைத் திருப்பச் சொன்னாள். ராஜாங்கம் வேன் போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டெய்சியிடம், "ரூமுல ஒக்கார வச்சிருந்தாக்கூட இவ்ளோ பேசியிருக்கமாட்டாங்கம்மா" என்றார்.

சாயந்திரம் அந்தப் படுக்கை காலியானது. நான்சி அட்மிஷன் போட்டு, இரண்டு படுக்கை அறை என்று குறித்து ரிக்வெஸ்ட்டை அனுப்பினாள். விளக்கு போடும் நேரத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. கையுறை, பஞ்சு மாதிரியான சில்லறைச் சாமான்களுக்கு மட்டும் தரமாட்டார்கள். மற்றபடி கேட்டது முழுவதும் வந்திருந்தது. இது முதல் ஒப்புதல்தான், கடைசிக் கணக்கு டிஸ்சார்ஜ் அன்றைக்கு வரும் என்று சொல்ல டெய்சி ஆரம்பித்தாள். "தெரியும் டெய்சி, நீ ஹால்ல சொல்லியிருக்கற" என்று பூவாயி முடித்துவிட்டாள்.

பிறகு ராஜாங்கத்திடம் போனை வாங்கி மகனைக் கூப்பிட்டாள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஜெயராஜு, அம்மா பேசறேன். ஆபரேஷனுக்குன்னு ஒங் கூட்டாளிகிட்ட பணம் கேட்டு வச்சிருக்கறியாமே, சித்தப்பா சொன்னாரு. வேணாம்னு சொல்லிடு… ஆமாண்டா, நெசமாத்தான். நாளைக்குக் காலையில மூடறாங்க… சித்தப்பா இல்ல, நாந்தான் ரூமு மாத்துனேன்… அழுவாதடா. இப்பவே போன் போட்டு வேணாம்னு சொல்லு. சொல்லிட்டு எனக்குத் திரும்பப் போடு, நான் முழிச்சிகிட்டுத்தான் இருப்பேன்."